ஏவலாளுக்கும் ஆங்கில ஏடா?

வழக்குமன்றப் பதிவேடுகளைத் துழாவி, உசாவல் நாளையும் தீர்ப்பையும் நொடியில் எடுத்துரைக்கச் செய்யறிவு ஏவலாள் வந்துவிட்டான். நன்று! எக்கருவி எதனைத் தேடும், அதற்கு எதனைக் கொடுத்தல் வேண்டும் என்று மென்பொருள் வல்லார் எழுதிவைக்கும் கருவிக் குறிப்பேட்டைப் படித்தே அவன் இயங்குகின்றான். அவ்வேடோ ஆங்கிலம்!

பொறிக்கு ஆங்கிலம் போதாதா என்பர் சிலர். போதாது! எழுத்தும் எண்ணுமாய் 16 குறிகள் கொண்ட வழக்குப் பதிவெண்ணை எவ்வுழவன் நினைவில் வைப்பான்? 'பழனி' என்று பெயரைத்தான் சொல்வான். ஆங்கில எழுத்தில் ழகரம் ஓரிடத்தில் லகரமாய் நிற்கும். ஓரிடத்தில் ஈரெழுத்துக் கூட்டாய் நிற்கும். (வள்ளியும் வல்லியும் அங்கே ஒருத்தியே!) ஓரெழுத்துப் பிறழ்ந்தால் "வழக்கே இல்லை" என்று கைவிரிப்பான் ஏவலாள். நாள் தவறும், ஒருசார்த் தீர்ப்பில் நிலம் போகும்.

கீழமை மன்றங்களின் மொழி தமிழே என 1976-இலேயே சட்டம் திருத்தினோம். உயர்வழக்குமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006-இல் கேட்டது, தில்லி இசையவில்லை. இராசத்தானத்திலும் பீகாரிலும் இந்திக்கு மட்டும் இசைந்த தில்லி அது!

தமிழ்ப் பொறியாளரே, குறிப்பேட்டிற்குமா தில்லியின் இசைவு வேண்டும்? தமிழில் எழுதுங்கள்! தமிழெழுத்தில் பெயர் தேடும் கருவி செய்து, ஒவ்வொரு பெயரின் ஆங்கிலத் திரிபுகளையும் அவ்வேட்டிலேயே குறித்துவையுங்கள்!