ஒரே சொல், இரண்டு குரல்

ஆங்கிலத்தைப் பிழையின்றிப் பேசியும் ஒருவர் பிறருடைய மனக்கசப்புக்கு ஆளாதல் கூடுமோ? கூடும் என்பதற்குச் சான்று ஒன்றை இவ்வாரம் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

பிரித்தானியாவின் பெரிய விமான நிலையம் ஒன்றில், ஊழியர்க்கான உணவுச்சாலையிற் பரிமாறும் வேலைக்கு இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக அமர்ந்தனர். அவர்கள் பேசியது சில சொற்களே. எனினும் மேலதிகாரிகளும் உண்ண வந்தோரும் அவர்களை மரியாதை அறியாதவர்கள் என்று குறைகூறினர். இதனை ஆராய்ந்த மொழியறிஞர் ஜோன் கம்பர்ஸ், 1982ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிற் காரணத்தை விளக்குகிறார். இறைச்சி வாங்குவோரிடம் ஆங்கிலப் பெண் ‘கிறேவி’ என்று குரலை உயர்த்தி முடிப்பாள். ‘குழம்பு விடட்டுமா?’ என்பது அதன் பொருள். புதிதாக வந்த பெண்களோ அதே சொல்லைக் குரல் தாழ்த்தி முடித்தனர். கேட்டோர்க்கு அது வினாவாகப் படவில்லை. ‘இது குழம்பு’ என்னும் வெறுங்கூற்றாகவே பட்டது. கண்முன் இருப்பதைச் சொல்வானேன் என எண்ணி, அதனை அலட்சியமாகக் கொண்டனர். ஒலிப்பதிவைக் கேட்டபோதும் அப்பெண்களுக்கு முதலில் வேறுபாடு புலப்படவில்லை. விளக்கிய பின்னரே இரு சாராரும் உண்மையை உணர்ந்தனர்.

இவ்விடர்ப்பாடு நமக்கும் நேரக்கூடியதே. தமிழில் ‘வந்தான்’ என்பதோடு ஆகாரம் சேர்ந்தால் ‘வந்தானா’ என வினாவாகிறது. ‘நேற்றே’, ‘நேற்றுத்தான்’ என ஏகாரமும் ‘தான்’ என்பதும் அழுத்தம் தருகின்றன. ஆங்கிலத்தில் இப்பணியைப் பெரும்பாலும் குரலே செய்கிறது. ‘ஸொறி’ என்பது தாழ்ந்து முடிந்தால் மன்னிப்பு. உயர்ந்து முடிந்தால் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்பதாகும். ஆயினும் எல்லா வினாவும் உயர்ந்தே முடியும் என்பதில்லை. ‘எங்கே’, ‘ஏன்’ எனக் கேட்பவை பெரும்பாலும் தாழ்ந்தே முடிகின்றன.

சொல்லின் இனமும் இவ்வாறே மாறும். ‘பெர்மிற்’ என்பதன் முதலசை ஓங்கினால் அனுமதிச்சீட்டு. இரண்டாமசை ஓங்கினால் அனுமதித்தல். இத்தகைய சொற்களைச் செவி பிரித்தறிவதிற் குரலின் ஏற்றவிறக்கத்துக்குப் பெரும்பங்குண்டு என்பதை, லண்டனில் ஆராய்ந்த டெனிஸ் பிறை 1958இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டினார்.

ஆகவே மாணவர்களே, அகராதியிற் பொருளை மட்டும் பார்த்து அமையாதீர்கள். அழுத்தக்குறி எவ்வசைக்கு உரியது என்பதையும் நோக்குங்கள். வானொலியிற் பேசுவோரின் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது எனக் கவனித்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பெற்றோரும் உடனிருந்து கேட்பாராயின் நன்று.

மற்றொன்றும் சொல்வோம். அயல்மொழியார் ஒருவர் நம்மிடம் தமிழ் பேசுங்கால் அவர் குரல் கடுமையாகத் தோன்றலாம். அவர் உள்ளமும் கடுமையானது என்று உடனே முடிவுசெய்யாதிருப்போமாக.