கடன் யாருக்கு, க்யூ யாருக்கு?

அடகு வைப்பது கேவலமா? 1991-ல் இந்தியாவே வைத்தது, சார். வளைகுடாப் போரில் எண்ணெய் விலை எகிறி, கையில் இருந்த டாலர் மூணு வார இறக்குமதிக்குத்தான் காணும் என்கிற நிலை. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தைக் கப்சிப்பென்று விமானம் ஏற்றி, இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் 40 கோடி டாலர் வாங்கியது. அப்போதைய கவர்னர் எஸ்.வெங்கிடரமணன் நாகர்கோவிலில் பிறந்தவர். நம்ம பக்கத்து ஆள்!

ஆகவே 2022-ல் இலங்கை கையை விரித்தபோது சாத்தான்குளத்துக்காரனான நான் சிரிக்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து தமிழக அரசின் அரிசியும் பால் பவுடரும் கப்பல் ஏறின. 'கடன் வாங்கித் தின்னவனுக்கு எதுக்கு அரிசி?' என்றார் பஸ்ஸில் ஒருத்தர். தின்றது யாராம்? வரியைக் குறைத்து, ஒரே ராத்திரியில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டவர் கோத்தபய ராஜபக்சே. கேஸ் சிலிண்டருக்கு க்யூவில் நின்றவர் கொழும்பு ஆட்டோ டிரைவர். 2023-ல் ஐ.எம்.எஃப். சுமார் 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, தவணை முறையில். கூடவே கரண்ட் பில்லும் ஏறியது. அதையும் கட்டியவர் அதே டிரைவர்தான்.

கடன் கொடுத்தவனுக்கு இதில் பங்கில்லையா? ரிஸ்க் என்று சொல்லித்தானே வட்டி கூட வாங்கினான்! 2024 டிசம்பரில்தான், கடன் பத்திரம் வைத்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் அசலில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் புதுப் பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். இதை எங்க ஊர் அடகுக் கடை அண்ணாச்சியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அசல்லயா? தம்பி, நம்ம கடை வாசல்ல நின்னு இதைச் சொல்லிராதீய."