மார்க்கை நம்பாதீர்கள்

ஆகஸ்ட் முடிவதற்குள் அமெரிக்க ரசிகர்கள் நிஜ ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக் கற்பனைக் கால்பந்து அணிகள் அமைத்துவிடுவார்கள். 1962ல் ஓக்லண்ட் ரைடர்ஸ் பங்குதாரர் பில் விங்கன்பாக், நண்பர்களோடு நியூயார்க் ஹோட்டலில் வகுத்த விளையாட்டு. ஆட்டக்காரர் மைதானத்தில் கடக்கும் ஒவ்வொரு கெஜமும் உங்கள் புள்ளிக் கணக்கில் சேரும்.

பங்கீடு முடிந்ததும் கம்ப்யூட்டர் அணிக்கு மார்க் போடும். மார்தட்ட வேண்டாம். அதன் பட்டியலைப் பார்த்தே ஆள் எடுத்தவருக்கு அது முதலிடம் தருவதில் என்ன அதிசயம்?

நீங்களே கேளுங்கள். 18 வாரத்தில் 17 ஆட்டம். முக்கிய ஆட்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் ஓய்வு வருகிறதா? அடிபடும் ரன்னிங் பேக்குக்கு மாற்று உண்டா? பெஞ்சில் இருப்பது வளரும் இளைஞர்களா, பெயர் மட்டும் மிஞ்சிய பழம்புலிகளா?

2023ல் ஜெட்ஸ் அணிக்கு வந்த ஆரன் ராட்ஜர்ஸ், முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்து சீசனை இழந்தார். பல லீக்குகளில் யாருமே சீந்தாத புதுமுகம் பூகா நகுவா அதே சீசனில் 1,486 கெஜம் குவித்தார். முதல் வாரம் முடிந்ததும் அவரை அள்ளிக்கொண்டவர்தான் கெட்டிக்காரர். ஆகவே, பெஞ்சில் யாரைக் கழற்றிவிடலாம் என்று இன்றே முடிவு செய்துவையுங்கள்.