செத்த மாட்டுக்குச் சாட்சி யார்?

அழிவுக்குப் பின் அரசாங்கம் விவசாயிக்குக் கொடுக்கும் பணம் சலுகையா, உரிமையா? இக்கேள்வி எம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் உரியதென நினைத்துவிடக் கூடாது. செல்வந்த நாடான அமெரிக்காவிலும் இது எழுந்தது.

2013 ஒக்டோபர் முதல் வாரத்தில், தென் டக்கோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் முதலில் மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து கடும் பனிப்புயல் வீசியது. மாடுகள் இன்னும் கோடைகால மேய்ச்சல் தரைகளிலேயே நின்றன. குளிர்காலத்துக்கான தடித்த உரோமம் அவற்றுக்கு வளர்ந்திருக்கவில்லை. நனைந்த மேனியோடு பல்லாயிரம் மாடுகள் மடிந்தன. அந்த நேரம் பார்த்து வாஷிங்டனில் வரவுசெலவுப் பிணக்கு. ஒக்டோபர் 1 முதல் 16 வரை மத்திய அரசின் விவசாய அலுவலகங்கள் மூடிக்கிடந்தன. திறந்திருந்தாலும் பயனில்லை. இறந்த கால்நடைக்கு நட்டஈடு கொடுக்கும் திட்டம் 2011 செப்டெம்பரிலேயே காலாவதியாகியிருந்தது.

2014 பெப்ரவரியில் புதிய விவசாயச் சட்டம் வந்தது. சராசரிச் சந்தைப் பெறுமதியில் 75 வீதம் கொடுக்க ஏற்பாடாயிற்று. 2011 ஒக்டோபர் முதல் ஏற்பட்ட இழப்புகளும் கணக்கில் எடுக்கப்பட்டன. இத்திட்டம் இனிக் காலாவதியாகாது என்றும் எழுதப்பட்டது. பணத்தை விட இந்தக் கடைசி வரியே பெரிது என்பேன். சட்டத்தில் இருப்பதை விவசாயி கேட்டு வாங்கலாம். சட்டத்தில் இல்லாததற்கு யாருடைய முகத்தையாவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

குறைகளும் உண்டு. வழமையாகச் சாகும் அளவுக்கு மேற்பட்டவற்றுக்கே நட்டஈடு. தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதால் பெரிய பட்டிக்காரருக்கே பெருந்தொகை போகும். கூலிக்கு மாடு மேய்த்தவனுக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அத்திட்டத்தில் எமக்கு உறைக்க வேண்டிய விடயம் வேறொன்று. மாடு செத்ததற்கு மட்டுமல்ல, மாடு இருந்ததற்கும் அங்கே அத்தாட்சி கேட்பார்கள். புகைப்படம், மிருக வைத்தியரின் பதிவு, விற்ற வாங்கிய பற்றுச்சீட்டு என்பன காட்டலாம். போதிய ஆவணம் கிடையாதபோது, அப்பண்ணையோடு தொடர்பில்லாத ஒருவர், முன்பு எத்தனை மாடு நின்றது, பின்பு எத்தனை மிஞ்சியது என்று அறிந்து எழுதிக் கொடுக்கும் சாட்சியமும் ஏற்கப்படும். பட்டியை அவிழ்த்துவிட்டு இரவோடிரவாக ஓடி வந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

காணி விடயமும் அப்படித்தான். அந்நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பின விவசாயிகள் பலரது காணி, மரணசாசனம் எழுதாமல் இறந்த பாட்டனாரின் பெயரிலேயே கிடக்கிறது. உறுதி இல்லாததால் பண்ணை இலக்கம் கிடைக்காது. இலக்கம் இல்லாவிட்டால் உதவியும் இல்லை. 2018ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதற்கு வழி திறந்தது. ஐந்து வருட வரிப் பத்திரங்கள், அல்லது காணி தன் பொறுப்பில் உள்ளதென உழுபவர் தாமே கொடுக்கும் சான்று போன்றவையும் ஏற்கத்தக்கவை என்றாயிற்று. எத்தனை தலைமுறை கழித்து!

எமது அலுவலர்களிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்: உறுதி தொலைந்தவரிடம் உறுதி கேட்காதீர்கள், அயலவரைக் கேளுங்கள். அதற்கு நாமும் ஆயத்தமாக இருக்க வேண்டும். விட்டு வந்த மாடு எத்தனை, குறி என்ன, எந்தக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர் விதைத்தோம் என்பவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதியிட்டு எழுதி, பக்கத்து வயற்காரர் இருவரிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். அவர்கள் இன்று பக்கத்துக் கொட்டிலில் இருக்கலாம். அடுத்த மாரிக்கு எங்கே இருப்பார்களோ தெரியாது.