முப்பத்தொரு தோல்விகளும் ஒரு கோப்பையும்

2008 ஜூன் 25. அமெரிக்காவின் ஒமாஹா நகரில் கல்லூரி பேஸ்பால் இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டம். கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய ஸ்டீவ் டெட்வைலர் என்ற மாணவருக்குக் கட்டைவிரலில் தசைநார் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்தக் கையோடு மட்டை பிடித்தார். அன்று அவர் அடித்த ஹோம் ரன் இரண்டு. அணி எடுத்த ஆறு ரன்னும் அவர் அடித்ததால் வந்தவை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தால் எடுக்க முடிந்தது ஒரே ஒரு ரன். கடைசியாக உயரக் கிளம்பி வந்த பந்தை ஓடிப்போய்ப் பிடித்ததும் அவர்தான்.

விரலைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டிப் பக்கம் இருந்து பார்க்கிறவர்களுக்கு அதைவிடச் சுவாரஸ்யமானது அந்த அணியின் வருஷக் கணக்கு. ஆடியது 78 ஆட்டம். வென்றது 47, தோற்றது 31.

நாக்-அவுட் முறையில் நடக்கிற இன்டர் காலேஜ் போட்டி ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் நம் ஊர்க் கல்லூரி அணி 31 முறை தோற்க வேண்டுமென்றால் 31 வருஷம் ஆகும். காலையில் ஒன்பது மணிக்கு டாஸ், பதினொன்றுக்குள் தோல்வி, மத்தியானம் பஸ். அந்த ஆண்டு அவ்வளவுதான். முதலாண்டில் சேர்ந்த பையன் மூன்றாம் ஆண்டு முடித்து வெளியே போகும்போது கல்லூரிச் சட்டை போட்டு ஆடிய ஆட்டங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஃபிரெஸ்னோ அணியும் அந்த ஆண்டு நம் விதிமுறையில் ஆடியிருந்தால் ஒமாஹா ஊரையே பார்த்திருக்காது. ஒமாஹாவுக்கு முந்தைய சுற்றில் அரிசோனா ஸ்டேட் அணியிடம் முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். மூன்றில் இரண்டு என்ற விதி இருந்ததால் அடுத்த இரண்டையும் வென்று மேலே வந்தார்கள். இறுதிச் சுற்றிலும் அதே கதை. முதல் ஆட்டம் 7-6 என்று கைநழுவிப் போனது. இரண்டாவது ஆட்டத்தில் ஐந்து ரன் பின்தங்கி, பிறகு 19-10 என்று திருப்பினார்கள். 64 அணிகள் புகுந்த அந்தப் போட்டியில் அவர்களைத் தரவரிசையில் கடைசிப் படியில்தான் வைத்திருந்தார்கள். கடைசிப் படியில் இருப்பவன் மேலே ஏறிவர, வழுக்கி விழுந்தாலும் திரும்ப ஏற ஒரு படி இருந்தாக வேண்டும். அந்தப் படியை விதிமுறையிலேயே வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் யாரோ எங்கேயோ ஆடிய ஆட்டம் என்று தள்ளிவிட முடியாதபடி, கல்லூரி பேஸ்பாலுக்கும் நம் மதுரைச் சீமைக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1806இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இடிமழைக்கு வைக்கோல் போர் ஒன்றின் ஓரத்தில் ஒதுங்கி ஜெபம் செய்தார்கள். அந்த ஜெபத்திலிருந்து 1810இல் ஓர் அயல்நாட்டு மிஷன் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்தார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து 1834இல் மதுரைக்கும் வந்தார்கள். அமெரிக்கன் மதுரை மிஷன் என்று நாம் சொல்வது அவர்களைத்தான். திருமங்கலம், பசுமலை, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே மண்டபசாலை என்று இந்த வறண்ட காட்டுக்குள் பள்ளிக்கூடமும் மருத்துவமும் கொண்டு வந்தார்கள். 1881இல் பசுமலையில் அவர்கள் தொடங்கிய கல்லூரிதான் பின்னால் மதுரைக்குப் போய் அமெரிக்கன் கல்லூரியாக நிற்கிறது.

அதே வில்லியம்ஸ் கல்லூரிதான் 1859 ஜூலை 1ஆம் தேதி ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியோடு பிட்ஸ்ஃபீல்டு ஊரில் பேஸ்பால் ஆடியது. இரண்டு கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் அது. பக்கத்துக்கு 13 பேர். ஆம்ஹெர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. அன்றைய மாசசூசெட்ஸ் விதிப்படி ஓடுகிறவன் மேலேயே பந்தை எறிந்து அவுட் ஆக்கலாம். நம் பிள்ளைகள் ஏழு கல் ஆட்டத்தில் முதுகில் எறிகிற அதே எறி. அந்தப் பயணத்திலேயே சதுரங்கமும் ஆடி, அதிலும் வில்லியம்ஸ் தோற்றது. ஏற்பாடெல்லாம் மாணவர்களுடையது. ஒரு கல்லூரிப் பையன்கள் அழைப்பு அனுப்பினார்கள், இன்னொரு கல்லூரிப் பையன்கள் சரி என்றார்கள், ரயிலேறி வந்து ஆடினார்கள்.

பாதிரிமார் பைபிளையும் பள்ளியையும் கொண்டு வந்தார்கள். பேஸ்பால் மட்டை இங்கே ஊன்றவில்லை. நம்மை ஆண்டவன் வெள்ளைக்காரன், அவன் ஆடியது கிரிக்கெட் என்பது ஒரு காரணம். கையுறை, மட்டை, முகமூடி என்று இறக்குமதிச் சாமான் கேட்கிற ஆட்டம் என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறோம். திருச்சுழியில் 1879இல் பிறந்து மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்த வேங்கடராமன் என்ற பையன் கால்பந்தில் கெட்டிக்காரன் என்று அவன் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1896இல் அவன் திருவண்ணாமலைக்குக் கிளம்பி ரமண மகரிஷி ஆனது வேறு கதை. அந்த மிஷன் பள்ளிப் பையனின் காலிலும் பட்டது வெள்ளைக்காரன் பந்துதான் என்பதற்காகச் சொல்கிறோம்.

அதே மாசசூசெட்ஸிலிருந்து வேறோர் ஆட்டம் வந்து சேர்ந்தது. 1895இல் ஹோலியோக் ஊரில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வில்லியம் மார்கன், ஓடியாடிக் களைக்க முடியாத நடுவயதுக்காரர்களுக்காக வாலிபாலை உருவாக்கினார். 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அது நந்தனத்தில் இன்றைக்கும் இருக்கிறது. அங்கேயும் அதன் வழியில் பின்னால் வந்த காரைக்குடி அழகப்பா போன்ற கல்லூரிகளிலும் படித்து வந்த பி.இ.டி. சார்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வாலிபாலைக் கொண்டு போனார்கள். கம்பம் இரண்டு, வலை ஒன்று, பந்து ஒன்று. சீமைக்கருவேல முள்ளுக்குப் பந்து பலியானால் பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருத்தர். வேறென்ன வேண்டும்? கபடிக்கு அதுவும் வேண்டாம். மானாவாரிச் சீமையில் எந்த ஆட்டம் முளைக்கும், எது முளைக்காது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஆட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த மாசசூசெட்ஸ் பையன்கள் தொடங்கி வைத்த இன்னொன்று கூடவே வரவில்லை. வாராவாரம் பக்கத்துக் கல்லூரியோடு ஆடுவது என்பதைத்தான் சொல்கிறோம். அங்கே அது வளர்ந்து வளர்ந்து, இன்று பிப்ரவரி பாதியில் தொடங்கி மே வரை ஒரு முதல் நிலைக் கல்லூரி அணி 56 ஆட்டம் வரை ஆடலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறது. நாக்-அவுட்டுக்கு அருகில் வருகிற மண்டலச் சுற்றில்கூட இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. நம் நாட்டில் கல்லூரி விளையாட்டு மேலிருந்து கீழே இறங்கி வந்தது. 1925இல் பல்கலைக்கழகங்கள் கூடித் தங்களுக்கென ஒரு வாரியம் அமைத்தன. இன்றைய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதன் தொடர்ச்சி. கிரிக்கெட்டுக்கு ரோஹின்டன் பாரியா கோப்பை 1935இல் வந்தது. அப்புறம் ஆட்டத்துக்கு ஓர் அகில இந்தியப் போட்டி, அதற்குக் கீழே தென் மண்டலம், அதற்கும் கீழே இன்டர் காலேஜ். பல்கலைக்கழக அணிக்கு ஆள் பொறுக்குவதற்கான சல்லடை அது. சல்லடை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. கீழே உதிர்கிறவர்களைப் பற்றி அது ஏன் கவலைப்பட வேண்டும்?

இந்தச் சல்லடையில் பேஸ்பாலும் உண்டு. பலருக்குத் தெரியாது. இந்திய அமெச்சூர் பேஸ்பால் சம்மேளனம் 1983இலிருந்து இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பேஸ்பால் போட்டி ஆண்களுக்கும் நடக்கிறது, பெண்களுக்கும் நடக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்களை சாஃப்ட்பாலுக்கு அனுப்பிவிட்டு பேஸ்பாலை ஆண்களே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக இந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களுக்கு முன்னால் இருக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகள் பேஸ்பால் பக்கம் போவதற்குப் பெரும்பாலும் காரணம் படிவம் 3. மத்திய அரசு வேலைக்கு விளையாட்டுப் பிரிவில் விண்ணப்பிப்பவர், பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கு அந்தப் படிவத்தில்தான் சான்று வாங்க வேண்டும். கிரிக்கெட்டிலும் கபடியிலும் இடம் கிடைக்காதவன், ஈட்டி எறிகிறவன், எறிய வலுவான கை உள்ளவன் பேஸ்பாலுக்குத் திரும்புகிறான். குறை சொல்ல மாட்டோம். அந்தத் தாளில் ஒரு குடும்பமே தொங்கிக்கொண்டிருக்கும். ஃபிரெஸ்னோ கோப்பை வென்ற அதே 2008இல்தான் லக்னோவில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு பேர், ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் பந்தெறிந்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் ஒப்பந்தமானார்கள். படமாகவும் வந்தது. கையில் வலு இருந்தால் போதும், ஆட்டத்தைப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு அது உதாரணம். ஆனால் கற்றுக்கொள்ள அவர்களுக்கு அமெரிக்காவில் ஆட்டத்துக்கு மேல் ஆட்டம் கிடைத்தது.

சீசன் என்ற ஒன்று நம்மிடம் இல்லவே இல்லையா? இருக்கிறது. கல்லூரிக்குள் இல்லை, ஊருக்குள் இருக்கிறது. தைப் பொங்கலுக்கு மேல் காட்டு வேலை குறையத் தொடங்கியதும் காரியாபட்டி, மல்லாங்கிணறு, திருச்சுழி, நரிக்குடி என்று பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்துவிடுவார்கள். டிராக்டர் விட்டு உழுது, கல்லும் முள்ளும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து மிதித்த களம். நாலு மூலையிலும் கம்பம் நட்டு விளக்கு. முதல் பரிசு இன்னார் உபயம், சுழற்கோப்பை இன்னார் நினைவாக, நுழைவுக் கட்டணம் இவ்வளவு என்று நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். மைக்காரர் ரைடு போகிறவனின் ஊரையும் அப்பா பேரையும் சொல்லி ஏற்றிவிடுவார். அங்கேயும் நாக்-அவுட்தான். ஆனால் இந்தச் சனிக்கிழமை ஒரு கோவில் கொடையில் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய அணி, அடுத்த சனிக்கிழமை இன்னோர் ஊர்ப் பொங்கலில் போய் நிற்கும். போன வாரம் தன்னைப் பிடித்த அதே கார்னர் ஆள் எதிரே நிற்பான். அவன் எந்தக் காலைப் பிடிப்பான் என்று இப்போது தெரியும். கோடை முடியும் வரை இப்படியே போகும். யாரும் அட்டவணை போடவில்லை, கோவில் காலண்டர் போட்டுக் கொடுத்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்த கணேசன் போன்றவர்களை எந்த மண் உருவாக்கியது என்று கேட்டால், கல்லூரி மைதானத்தைக் காட்டுவதற்கு முன் இந்த உழுத களத்தைக் காட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. பெண் பிள்ளைகளுக்கு இந்த விளக்கு வெளிச்சத்தில் இடம் குறைவு. அடிபட்டால் பார்க்க ஆளில்லை. சாதி பார்த்து அணி சேர்கிற ஊர்களும் இருக்கின்றன. ஆட்டத்தில் தொடங்கியது வேறெங்கோ போய் முடிந்த ராத்திரிகளும் உண்டு. கல்லூரி மைதானத்தில் இந்த ஓட்டைகள் குறைவு. அதனால்தான் கல்லூரிக்குள் ஒரு சீசன் வேண்டும் என்கிறோம்.

கொஞ்சம் தெற்கே போனால் கோவில்பட்டி இருக்கிறது. நம்மைப் போலவே கரிசல், நம்மைப் போலவே வெயில். ஆனால் அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடுகிறது. அகில இந்தியப் போட்டி ஒன்றை உள்ளூர்க்காரர்கள் வருஷந்தோறும் நடத்துகிறார்கள். செயற்கைப் புல்தளமும் வந்தது. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் மாரீஸ்வரன், கார்த்தி என்று கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற இரண்டு பேர் இருந்தார்கள். புல்தளம் வந்ததால் ஆட்டம் வந்தது என்று அதிகாரிகள் சொல்வார்கள். நாள் தவறாமல் ஆட்டம் நடந்துகொண்டிருந்ததால்தான் அங்கே புல்தளம் வந்தது என்று நாங்கள் சொல்வோம்.

ஃபிரெஸ்னோவும்கூட, பருத்தியும் உலர்திராட்சையும் விளைகிற காய்ந்த பள்ளத்தாக்குதான். மழை நம்மைவிட அங்கே ரொம்பக் குறைவு. மலைப்பனி உருகி வரும் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டு வந்தார்கள். நமக்கு அந்தக் கால்வாயும் இல்லை, அவர்கள் கல்லூரிக்கு இருக்கிற காசும் இல்லை. 56 ஆட்டம் வேண்டாம். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, விருதுநகர், சிவகாசி, திருமங்கலம் வட்டாரங்களில் எட்டுக் கல்லூரிகள் சேர்ந்தால் போதும். வாலிபாலோ கபடியோ, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழோடும் தன் மைதானத்தில் ஒரு முறை, அவர்கள் மைதானத்தில் ஒரு முறை ஆடினால் ஆளுக்கு 14 ஆட்டம். ஏழு தோற்றாலும் எட்டாவதுக்குத் தயாராக வேண்டிய வேலை இருக்கும். காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு டவுன் பஸ்ஸிலேயே போய் ஆடிவிட்டுப் பொழுது சாயத் திரும்பிவிடலாம்.

இதற்குப் பணம் தடையில்லை. 75 சதவீத வருகைப்பதிவுதான் தடை. நவம்பரில் ஒரு செமஸ்டர், ஏப்ரலில் ஒரு செமஸ்டர், நடுவே உள்தேர்வு. ஆட்டத்துக்குப் போகிற பையனுக்கு ஆன் டூட்டி கையெழுத்து வாங்க உடற்கல்வி இயக்குநர் துறை துறையாகப் படியேற வேண்டியிருக்கிறது. எட்டு முதல்வர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து, சனிக்கிழமை மத்தியானம் எட்டுக் கல்லூரிகளிலும் வகுப்பு இல்லை என்று ஒரு சுற்றறிக்கை போட்டால், அந்தப் படியேற்றம் அன்றோடு நின்றுவிடும்.