பொடுகு ஷாம்பு போட்டால் முடி முளைக்குமா?

மருந்துக் கடைக்காரர்களுக்கு இப்போது இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. தலைமுடிக்கு யோசனை சொல்லும் வேலை! ‘அண்ணே, முடி கொத்துக் கொத்தா கொட்டுது... எதாவது இருந்தா கொடுங்க’ என்று போய் நின்றால் போதும். அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். கீட்டோகோனசோல் ஷாம்பு. அதாவது, பூஞ்சைக்கு எதிரான மருந்து கலந்த ஷாம்பு. ‘இதைப் போடுங்க. கொட்டுறது நின்னுடும், புதுசாவும் வளரும்’ என்று ஒரு உத்தரவாதம் வேறு.

என்னிடம் வருகிறவர்களில் பல பேர் அந்த பாட்டிலைக் கையோடு கொண்டு வருகிறார்கள். சித்த வைத்தியர் ஆயிற்றே, ‘கெமிக்கல்’ என்று திட்டப் போகிறார் என எதிர்பார்க்கிறார்கள். நான் திட்டுவதில்லை. சீயக்காயில் நுரை வருவதற்குக் காரணமான சபோனினும் ஒரு ரசாயனப் பொருள்தான். மருந்து நல்ல மருந்துதான். உங்கள் தலைக்கு அது எதற்காக என்பதுதான் என் கேள்வி.

பொடுகு எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். நம் எல்லோர் தலையிலும், தினமும் தலைக்குக் குளிப்பவர் தலையிலும்கூட, மலசீசியா என்ற பூஞ்சை குடியிருக்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. எண்ணெயைச் சிதைத்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். அந்த மிச்சத்தில் இருக்கிற ஒலியிக் அமிலம் சிலருடைய தோலுக்கு ஆகாது. தோல் எரிச்சல்பட்டு, வழக்கத்தைவிட வேகமாகச் செதில்களை உதிர்க்க ஆரம்பிக்கும். கறுப்புச் சட்டை போட்டால் தோள்பட்டையில் தெரிகிறதே, அது இதுதான். முற்றினால் மஞ்சளாகப் பிசுபிசுவென்று படியும், சிவக்கும், அரிக்கும். மூக்கோரம், புருவம், காதுக்குப் பின்னால் என்று இறங்கவும் செய்யும்.

கீட்டோகோனசோல் அந்தப் பூஞ்சை தன் மேலுறையைக் கட்டிக்கொள்ள முடியாமல் தடுக்கிறது. பூஞ்சை குறைந்தால் எரிச்சல் குறையும். அரிப்பு நிற்கும். அரிப்பில் நகத்தால் பிறாண்டிப் பிறாண்டி முறிந்த முடியும், தோல் அழற்சியால் உதிர்ந்த முடியும் மிச்சமாகும். பொடுகோடு முடி கொட்டுகிறவருக்கு இந்த ஷாம்பு உதவுவது இப்படித்தான். இதை மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

அப்படியானால் ‘முடி முளைக்கும்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1998-இல் பெல்ஜியம் நாட்டு டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கையில் இந்த ஷாம்புவைப் பல மாதங்கள் பயன்படுத்தியபோது முடியின் அடர்த்தியும் பருமனும் கொஞ்சம் கூடியதாகச் சொன்னார்கள். மிகவும் சின்ன ஆய்வு அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் இதை வழுக்கைக்கான மருந்தாக அங்கீகரிக்கவில்லை. அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி பெற்று வந்தவை 1988-இல் மினாக்சிடில் என்ற தடவும் மருந்தும், 1997-இல் ஆண்களுக்கான ஃபினாஸ்டிரைடு மாத்திரையும். கீட்டோகோனசோல் ஷாம்புக்கு அங்கே கிடைத்த அனுமதி பொடுகுக்குத்தான். சில தோல் மருத்துவர்கள் வழுக்கைக்கான மருந்தோடு இதையும் துணையாக எழுதித் தருகிறார்கள். அது அவர்கள் தலையைப் பார்த்து, யோசித்துச் செய்வது. கடையில் நின்றபடி எடுக்கிற முடிவு வேறு.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘ஷாம்புவே இவ்வளவு வேலை செய்தால் மாத்திரை இன்னும் நல்லா செய்யுமே’ என்று கீட்டோகோனசோல் மாத்திரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம். கல்லீரலைப் பாதிக்கும் என்பதால் 2013-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அந்த மாத்திரைக்குக் கடிவாளம் போட்டன. ஷாம்புவுக்கு அந்த பயம் இல்லை. தலைத்தோல் வழியாக ரத்தத்தில் போய்ச் சேரும் அளவு மிக மிகச் சொற்பம்.

இந்த ஷாம்புவுக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி வந்தது தெரியுமா? தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளரும், பிறகு மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும், அப்புறம் உதிரும். நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சகஜம். டெங்கு, டைபாய்டு, சிக்குன்குனியா, கொரோனா மாதிரி கடும் காய்ச்சல் வந்தாலோ, பிரசவம் ஆனாலோ, பட்டினி கிடந்து உடம்பை இளைத்தாலோ, வளர்ந்துகொண்டிருக்கிற முடியில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்தாற்போல் கொட்டும். அதற்குள் காய்ச்சலே மறந்து போயிருக்கும்! பயந்துபோய் ஷாம்பு வாங்குவார்கள். இந்த மாதிரி உதிர்தல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும், முடியும் திரும்ப முளைக்கும். பேர் மட்டும் அந்த பாட்டிலுக்குப் போய்விடுகிறது. எங்கள் தைலங்களுக்கும் இப்படிச் சும்மா கிடைத்த பேர் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அது பரவாயில்லை, ஒரு பாட்டில் காசோடு போயிற்று. என்னைக் கவலைப்படுத்துவது வேறு ரகம். சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவியை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். நாலு மாதமாக இந்த ஷாம்பு. ஆரம்பத்தில் வாரம் இரண்டு தடவை, பிறகு தினமும். ‘சீப்புல பாருங்க சார், இன்னும் ஜாஸ்தியா வருது’ என்றார் அம்மா. தலையில் பொடுகும் இல்லை, அரிப்பும் இல்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்துப் போயிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். மாதவிலக்கு எட்டு நாள் போகிறதாம். அதை அம்மாவிடமே அவள் அன்றைக்குத்தான் சொல்கிறாள்! ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 கிராம். பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது.

அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது இரும்புச் சத்து. தலையில் எதைத் தேய்த்தும் பிரயோஜனம் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ‘நாங்க நல்லாத்தானே சாப்பிடறோம்’ என்று சொல்லும் வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஒரு காபியோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்கள். சித்த மருத்துவத்தில் இதைப் பாண்டு என்போம். அன்னபேதிச் செந்தூரம் போன்ற இரும்பு சேர்ந்த மருந்துகள் இருக்கின்றன. வைத்தியர் பார்த்து, அளவோடு கொடுக்க வேண்டியவை. வீட்டில் முருங்கைக் கீரை, கேழ்வரகு, பருப்பு, சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, ஈரல். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். மாதவிலக்கு ஏன் அதிகம் போகிறது என்பதை மகப்பேறு மருத்துவரிடம் காட்டவும் அனுப்பினேன். தைராய்டு குறைந்தாலும் இப்படி முடி கொட்டும். அதற்கும் ரத்தப் பரிசோதனைதான் பதில் சொல்லும், பாட்டில் சொல்லாது.

ஆண்களுக்கு நெற்றி ஓரம் ஏறுவதும், உச்சி தெரிவதும், பெண்களுக்கு வகிடு அகலமாகிக்கொண்டே போவதும் பரம்பரை வகை. சீக்கிரமே தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எங்கள் தைலம் வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி விளம்பரம் செய்கிறவர்களுக்கு ஒரு தகவல்: எந்த மருந்தும் குணப்படுத்துவதாக உரிமை கொண்டாடக் கூடாத நோய்கள் என்று 1945-ஆம் வருட மருந்து விதிகளில் ‘ஜே’ அட்டவணை ஒன்று இருக்கிறது. வழுக்கையும் அதில் உண்டு.

இனி, என் சொந்தக் கட்சிக்காரர்களே கோபித்துக்கொள்ளக் கூடிய ஒரு விஷயம். பொடுகு இருக்கிற தலையில் எண்ணெய் தடவி ஊற வைக்காதீர்கள்!

‘எண்ணெய் காட்டாம தலை காஞ்சு போயித்தான் பொடுகு வருது’ என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து வருகிற வாக்கு. காற்றும் குளிரும் பட்டுத் தோல் வறண்டு, பொடிப்பொடியாக உதிர்கிறவர்களுக்கு அது பொருந்தலாம். பிசுபிசுப்பான பொடுகுக்குப் பொருந்தாது. மலசீசியாவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வேண்டுமென்றால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள்! கொழுப்பு இல்லாமல் அது வளர்வதில்லை. ராத்திரி எண்ணெய் வழிய வழியத் தடவி, தலையணையில் துண்டு விரித்துப் படுத்து, மறுநாள் அதே எண்ணெய்த் தலையைப் பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், பூஞ்சைக்கு நாமே பந்தி விரிக்கிறோம்.

‘அப்போ எண்ணெய் முழுக்கு தப்பா சார்?’ தப்பே இல்லை. முழுக்கு என்றாலே கழுவுவதுதானே! எண்ணெய் தேய்த்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, சீயக்காயோ அரப்போ போட்டு எண்ணெய் போகக் குளிப்பதுதான் நம் முறை. நாளடைவில் எண்ணெய் நின்றது, முழுக்கு போய்விட்டது. பொடுதலைத் தைலம், வெட்பாலைத் தைலம் எல்லாம் எங்களிடம் உண்டு. அவற்றையும் செதிலும் பிசுபிசுப்பும் அடங்கிய பிறகுதான் நான் கொடுக்கிறேன், குளிப்பதற்கு முன் தேய்த்து அரப்புப் போட்டு அலசச் சொல்லி. பொடுகு மும்முரமாக இருக்கிற நாட்களில் வேண்டுமானால் முடியின் நீளத்துக்கு மட்டும் இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளலாம். முடித்தண்டுக்கு அது நல்லதே. தலைத்தோலில் படக் கூடாது. புண்ணான தலையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கிற வைத்தியமும் வேண்டாம். எரிச்சல்தான் மிஞ்சும்.

சரி, பொடுகு இருக்கிறது, டாக்டரும் ஷாம்புவை எழுதிக் கொடுத்துவிட்டார். பாதிப் பேர் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக்கொள்கிறார்கள், அல்லது நுரை வந்ததும் அலசிவிடுகிறார்கள். இது முடிக்கான ஷாம்பு இல்லை, தோலுக்கான மருந்து. தலையை நனைத்து, நீளக் கூந்தலானால் வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் தேய்க்க வேண்டும். 3 முதல் 5 நிமிடம் அப்படியே இருக்கட்டும். அதற்குள் உடம்புக்கு சோப்புப் போட்டு முடித்துவிடலாம். பிறகு நன்றாக அலச வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு தடவை, இரண்டிலிருந்து நாலு வாரம். அடங்கியதும் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு தடவை போதும். ஒரேயடியாக நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். அந்தப் பூஞ்சை நம் தலையில் நிரந்தரக் குடித்தனக்காரர் ஆயிற்றே! தினமும் போட்டால் சீக்கிரம் போகும் என்று நினைப்பது வீண். முடி வறண்டு, நார் மாதிரி ஆகி, நடுவில் முறியும். அந்த மாணவியின் சீப்பில் ஜாஸ்தியாக வந்ததில் பாதி அப்படி முறிந்த துண்டுகள்தான், வேர் இல்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். நாலு வாரம் முறையாகப் போட்டும் செதில் அடங்கவில்லை என்றால், சொரியாசிஸ் மாதிரி வேறு நோயாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வட்டமாக, வழவழவென்று முடி இல்லாமல் போவதைப் புழுவெட்டு என்கிறோம். பேரில்தான் புழு, உண்மையில் புழுவும் இல்லை, பூஞ்சையும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குவது அது. இந்த ஷாம்பு அங்கே ஒன்றும் செய்யாது.

குழந்தைகள் தலையில் வட்டமாக முடி போய், அந்த இடத்தில் செதிலும் கறுப்புப் புள்ளி மாதிரி முறிந்த முடியும் தெரிந்தால் அது வேறு வகைப் பூஞ்சை. தலைப்படை. அது முடிக்குள்ளேயே புகுந்துவிடுவதால் ஷாம்புவோ தடவும் மருந்தோ மட்டும் போதாது. டாக்டர் சொல்கிற மாத்திரையை வாரக் கணக்கில் உள்ளுக்குச் சாப்பிட வேண்டும். ஷாம்பு அங்கே துணைக்கு மட்டும், மற்ற பிள்ளைகளுக்குப் பரவாமல் இருக்க. நாள் கடத்தினால் சீழ் பிடித்து, தழும்பாகி, அந்த இடத்தில் முடியே முளைக்காமல் போகலாம். சீப்பு, துண்டு, தொப்பி எல்லாம் அந்தக் குழந்தைக்குத் தனி. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் அதற்கும் முடி கொட்டிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கால்நடை மருத்துவரிடம் அதையும் கூட்டிப் போக வேண்டும்.