விலைக்கு வாங்கிய சாட்சிகள்!



நம் மாவட்ட இயக்கத்தின் பெயரில் இணையதளம் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. தொடக்க விழா நடத்தினோம். சுவரொட்டி ஒட்டினோம். ஜும்ஆ முடிந்து வெளியே வருவோர் கையிலெல்லாம் துண்டுப் பிரசுரம் கொடுத்தோம். ஆனால் கூகுளில் நம் இயக்கத்தின் பெயரைத் தட்டித் தேடினால் கூட நம் தளம் வரவில்லை. வேறு யார் யாரோ வருகிறார்கள். நம்மைத் திட்டி எழுதியவர்கள் வருகிறார்கள். நாம் வருவதில்லை!

இந்த நிலையில் தான் தளத்தைக் கவனிக்கும் வாலிபர்கள் ஒரு யோசனையுடன் வந்தார்கள். ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் ஆயிரம் 'பேக்லிங்க்' வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறதாம். ஒரே மாதத்தில் முதல் பக்கத்துக்கு வந்து விடலாமாம். 'ஹஜ்ரத், நீங்கள் சம்மதித்தால் போதும்' என்றார்கள். செலவுச் சீட்டில் கையொப்பமிட்டவன் நான் தான். பேக்லிங்க் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு. அதை மறைத்து விட்டு உங்களுக்கு உபதேசம் செய்ய நான் விரும்பவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்த ஆயிரம் இணைப்புகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னேன். முதலில் வந்தது சூதாட்டத் தளம். அடுத்தது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தளம். அதற்கடுத்து வந்ததைத் திறந்த வேகத்தில் அந்தத் தம்பி மூடி விட்டார். இப்படிப்பட்ட குப்பைகளுக்கு நடுவே, யாருக்கும் புரியாத ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் அடியில், 'மார்க்க விளக்கங்களுக்கு இங்கே வாருங்கள்' என்று நம் தளத்தின் பெயர்! மக்களின் சந்தாப் பணத்தில் நாம் வாங்கியது இதைத் தான்.

இதைப் பற்றித் தெளிவாகப் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் நம் மாவட்டம் மட்டுமல்ல, இன்று ஜமாஅத்கள், அரபிக் கல்லூரிகள், வெளிநாடுகளில் உள்ள ஊர்ச் சங்கங்கள் என்று எல்லோரும் இணையதளம் தொடங்குகிறார்கள். எல்லோரிடமும் இந்த வியாபாரிகள் வருவார்கள்.

பேக்லிங்க் என்பது வேறொன்றுமில்லை. இன்னொரு தளத்தின் உரிமையாளர் தம் வாசகர்களிடம் 'இந்த விஷயத்துக்கு அங்கே போய்ப் பாருங்கள்' என்று நம் தளத்தைச் சுட்டிக் காட்டும் இணைப்பு. கூகுளின் இயந்திரம் இப்படிப்பட்ட இணைப்புகளைப் பிடித்துக் கொண்டு தான் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகிறது. யாருமே சுட்டிக் காட்டாத புதிய தளம் அதன் கண்ணில் படுவதே தாமதமாகும்.

1996ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் இதிலிருந்து ஒரு கணக்கை உருவாக்கினார்கள். ஒரு தளத்தை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்பது மட்டும் போதாது. சுட்டுகிறவரின் தகுதி என்ன, அவரை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பது தான் அந்தக் கணக்கு. கூகுள் இதன் மேல் தான் எழுந்தது. இன்று அது வேறு பல அளவுகோல்களையும் பார்க்கிறது. ஆனாலும் இணைப்புக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு ஓதிய பாடம் நினைவுக்கு வந்தது. ஹதீஸ் கலை படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள்! ஒரு செய்தி வந்தால் அதை எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு நாம் நிறுத்திக் கொள்கிறோமா? சொன்னவர் யார்? அவர் நம்பகமானவரா? யாரிடமிருந்து கேட்டார்? உண்மையிலேயே சந்தித்தாரா? அறிவிப்பாளர்களின் நிறைகுறைகளை அலசுவதற்கென்றே நம் இமாம்கள் ஒரு கலையை வளர்த்தார்கள். பலவீனமானவர்களையும் விமர்சிக்கப்பட்டவர்களையும் தொகுத்து, ஹிஜ்ரி 748ல் மறைந்த இமாம் தஹபீ அவர்கள் மீஸானுல் இஃதிதால் என்ற நூலையே எழுதினார்கள். பொய்யர்கள் பத்துப் பேர் வழியாக ஒரு செய்தி வந்தால் அது பத்து மடங்கு பலமாகாது. பத்து வழிகளும் சேர்ந்தாலும் அது பொய் தான். கூகுள்காரர்கள் சிரமப்பட்டுக் கண்டுபிடித்த விதியை, இந்தச் சமுதாயத்தில் ஓதுகிற பிள்ளைகள் பாடமாகவே படிக்கிறார்கள். அப்படிப்பட்ட நாமே பொய்யான அறிவிப்பாளர்களை விலைக்கு வாங்கலாமா?

இது வெறும் உவமை என்று ஒதுக்கி விட வேண்டாம். மார்க்கச் சட்டத்திலேயே இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. ஏலத்தில் பொருளை வாங்கும் எண்ணம் இல்லாமல், மற்றவர்களை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். இதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. ஏன் தடை? வாங்குபவன் அதை உண்மையான மதிப்பீடு என்று நம்பி ஏமாறுகிறான் என்பது தான் காரணம். நம் தளத்தைப் படித்தே பார்க்காத ஒருவன், பணம் வாங்கிக் கொண்டு அது நல்ல தளம் என்று சுட்டினால் அதற்கு என்ன பெயர்? பெரும் பாவங்களைப் பட்டியலிட்ட போது, சாய்ந்திருந்த நபியவர்கள் நிமிர்ந்து அமர்ந்து திரும்பத் திரும்ப எச்சரித்தது எதைப் பற்றி? பொய்ச் சாட்சியத்தைப் பற்றித் தான்.

'அப்படியானால் விளம்பரமே கூடாதா?' என்று சிலர் கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் யாரும் ஏமாறவில்லை. இந்த இதழிலும் ஜவுளிக்கடை விளம்பரம் வருகிறது. அதைக் கட்டுரை என்று நீங்கள் நினைப்பதில்லை. கூகுளும் இதைத் தான் கேட்கிறது. காசு கொடுத்து வாங்கிய இணைப்புக்கு அது விளம்பரம் என்ற குறியீடு இருக்க வேண்டும் என்கிறது. இதற்கெனத் தனிக் குறியீட்டையே 2019ல் கொண்டு வந்தது. குறியீடு போட்டால் அந்த இணைப்பு சாட்சியாக எண்ணப்படாது. அதனால் தான் இந்த வியாபாரிகள் குறியீடு போடுவதில்லை. ஏமாற்று எங்கே இருக்கிறது என்று இதிலிருந்தே புரிகிறதா, இல்லையா?

இன்னொரு வாதமும் வைக்கப்படுகிறது. மாவட்டச் செயற்குழுவில் ஒரு சகோதரர் ஆவேசமாகவே கேட்டார். 'நமக்கு எதிரானவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து இதையெல்லாம் செய்கிறார்களே! நாம் மட்டும் கையைக் கட்டிக் கொண்டு உட்கார வேண்டுமா?' அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வாதம் தவறு. அவர்கள் அளவையில் மோசடி செய்கிறார்கள் என்பதற்காக நாம் தராசைத் திருக முடியாது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துக் குர்ஆனில் தனி அத்தியாயமே இருக்கிறது. 83வது அத்தியாயம். அதில் எதிரிக்கு எதிராகச் செய்தால் கூடும் என்ற விதிவிலக்கு எங்கே இருக்கிறது?

ஒன்றை ஒப்புக் கொள்கிறேன். 2003ல், ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்த அதே ஆண்டில், 'பரிதாபமான தோல்வி' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைக் கூகுளில் தேடினால் அதிபர் புஷ்ஷைப் பற்றிய வெள்ளை மாளிகைப் பக்கம் முதலில் வந்தது. அவரைப் பிடிக்காதவர்கள் அந்தச் சொற்களைக் கொண்டு அவருடைய பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துச் செய்த வேலை. அதைக் கண்டு நாமெல்லாம் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அது எத்தனை நாள் நின்றது? 2007 ஜனவரியில் கூகுள் தன் கணக்கை மாற்றியது. வேடிக்கை முடிந்தது.

வியாபார உலகிலும் இதே கதை தான். ஜே.சி.பென்னி என்ற பெரிய அமெரிக்க அங்காடி நிறுவனம் பல பொருட்களுக்குக் கூகுளில் முதலிடத்தில் இருந்தது. சம்பந்தமே இல்லாத ஏராளமான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் விதைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. முதலிடத்தில் இருந்த நிறுவனம் சில தேடல்களில் எழுபதாவது இடத்துக்கும் கீழே போய் விழுந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற பெயரில் கூகுள் செய்த மாற்றத்தில் இப்படிப்பட்ட தளங்கள் மொத்தமாகவே அடிபட்டன. இப்போதெல்லாம் தண்டிப்பதை விட, அந்த இணைப்புகளை எண்ணாமல் விட்டு விடுவது தான் அதிகம். ஐயாயிரம் ரூபாய்க்குப் பூஜ்யம்! அல்லாஹ்வுக்கும் பதில் சொல்ல வேண்டும், காசும் போயிற்று.

செயற்குழுவில் வந்த இன்னொரு யோசனையையும் இங்கேயே முடித்து விடுகிறேன். நம் கிளைகள் இருபதும் ஆளுக்கொரு தளம் தொடங்கி, ஒரே கட்டுரையைப் போட்டு, ஒன்றையொன்று சுட்டிக் கொள்ளலாமாம். ஒரே ஆள் இருபது குரலில் சாட்சி சொல்வது தான் இது. வேண்டாம். அதே போல் விக்கிப்பீடியாவில் போய் நம் முகவரியைத் திணிக்கும் வேலையும் வேண்டாம். 2007லிருந்தே விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகளில் 'இதைச் சாட்சியாக எண்ணாதே' என்ற குறியீட்டைப் போடுகிறது. கெட்ட பெயர் தான் மிஞ்சும்.

பிறகு என்ன தான் செய்வது?

நம்மை ஏன் ஒருவர் சுட்ட வேண்டும் என்று நாமே கேட்டுப் பார்க்க வேண்டும். நம் தளத்தில் இன்று என்ன இருக்கிறது? பொதுக்கூட்டப் புகைப்படங்கள் இருக்கின்றன. மேடையில் நானும் இருக்கிறேன். கண்டன அறிக்கைகள் இருக்கின்றன. இவற்றை வேறொருவர் தம் வாசகருக்கு எதற்காகச் சிபாரிசு செய்ய வேண்டும்?

2025 ஜூன் 6ல் மத்திய அரசு 'உமீத்' இணையதளத்தைத் தொடங்கி, வக்ஃபு சொத்துக்களின் விபரங்களை ஆறு மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்றது. கிராமத்துப் பள்ளிவாசல்களின் முத்தவல்லிகள் திகைத்து நின்றார்கள். என்ன ஆவணம் வேண்டும், எதைப் பதிய வேண்டும் என்று எனக்கு இரவு பதினொரு மணிக்குக் கூடத் தொலைபேசி வரும். நாம் நல்லதொரு விளக்கப் பிரசுரம் தயாரித்தோம். ஆனால் அதைப் படமாக்கி வாட்ஸ்அப்பில் விட்டோம். வாட்ஸ்அப்பில் சுற்றுவது கூகுளின் கண்ணில் படாது. பத்து நாளில் அது எங்கே போனது என்று நமக்கே தெரியவில்லை. அதை மட்டும் எழுத்தாக ஒரு தளத்தில் போட்டிருந்தால் எத்தனை ஜமாஅத்கள் அதைச் சுட்டியிருக்கும்! ஒரு பைசா செலவில்லாத, உண்மையான சாட்சிகள்!

இடஒதுக்கீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். 2007ல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகிதம் கிடைத்தது. அந்தப் பட்டியலில் ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கனி, ஷேக், சையது, மாப்பிள்ளை, அன்சார், துதேகுலா என ஏழு பிரிவுகள் உள்ளன. சான்றிதழில் எப்படி எழுத வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அலைகிறார்கள். அரசாணையோடு இதைத் தெளிவாக எழுதி வைத்தால் பள்ளிக்கூடங்கள் கூட நம்மைச் சுட்டும். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது, கல்வெட்டில் என்ன இருக்கிறது, பெரியவர்களின் வீட்டுப் பரணில் கிடக்கும் அரபுத் தமிழ் ஏடுகள் என்னென்ன? இவற்றை நம்மை விட்டால் யார் எழுதுவார்? ஆய்வாளர்கள் நம்மைத் தேடி வருவார்கள்.

எழுதும் போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். இயந்திரத்துக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் தான் அடிக்க வேண்டும். அடுத்து, ரமலான், ரமளான், ரமழான் என்று மக்கள் மூன்று விதமாகத் தேடுகிறார்கள். எது சரி என்று இதே இதழில் பக்கம் பக்கமாக வாதம் செய்தவர்கள் நாம். தேடுகிறவர் அதைப் படித்து விட்டா தேடுகிறார்? தலைப்பில் ஒன்று, உள்ளே மற்றது என்று எல்லா வடிவமும் இடம் பெறட்டும்.

தளத்தைக் கூகுளுக்குத் தெரிவிக்க 'சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதி இருக்கிறது. நம் வாலிபர்கள் இப்போது அதில் பதிந்து விட்டார்கள். வாங்கிய ஆயிரம் இணைப்புகளையும் எங்களுக்குச் சம்பந்தமில்லாதவையாகக் கருதவும் என்று கூகுளிடம் பட்டியல் கொடுத்தாகி விட்டது. அந்த ஐயாயிரம் ரூபாயை என் கையிலிருந்து பொருளாளரிடம் செலுத்தி விட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆண்டுக் கணக்கைப் பார்க்கும் போது நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கிளையும் தன் ஊர்ப் பள்ளிவாசலின் வரலாற்றையும், வக்ஃபு சொத்துக்களின் சர்வே எண்களையும் எழுதி அடுத்த மாதச் செயற்குழுவுக்குக் கொண்டு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். தட்டச்சு செய்ய ஆளில்லாத கிளைகள் கையால் எழுதியே அனுப்பலாம். மகளிர் அணியைச் சேர்ந்த இரண்டு சகோதரிகள் யூனிகோடில் அடித்துத் தருவதாக ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். இதுவரை மூன்று கிளைகளிலிருந்து தான் வந்திருக்கிறது. அதிலும் ஒன்று பாமினியில்!